திருஷ்டிப் பதிவு

என் சகலையை நான் கொன்றுவிட்டேன் என்பது ஜூலை முதல் தேதி காலை ஒன்பது பதினெட்டுக்கு எனக்குத் தெரிந்தது. அப்போது அவன் அலுவலக கேன்டீனில் எனக்கு எதிரே உட்கார்ந்து ரவா தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"என்னங்கண்ணா, மூஞ்சி வெளுத்துப் போச்சு? சட்னி வேணுங்களா?"

"வேண்டாம் தம்பி. நீங்க மெதுவா மென்னு சாப்புடுங்க. அடைச்சுக்கப் போகுது."

அவன் சிரித்தான். நான் கையிலிருந்த சிலேட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

அவன் பெயர் விசாகன். என் மனைவி மிருதுளாவின் தங்கை மஞ்சரியைக் கட்டியவன். ஏழு வருடத்துக்கு முன் இந்தக் கோயம்புத்தூர் நிறுவனத்தில் அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். இப்போது மாடியில் அவனை 'சார்' என்று கூப்பிட வேண்டும். கேன்டீனில் மட்டும் தம்பி.

எங்கள் தொழில் ஆம்புலன்ஸ்காரர்களின் கைக்கருவிக்குத் தரவுத்தளம் கட்டுவது. கருவிக்கு ஜனங்கள் வைத்த பெயர் சிலேட்டு. பெயர்தான் சிலேட்டு, எதையும் அழிக்க முடியாது. விழுந்து கிடப்பவரின் விரலை அதில் வைத்தால் போதும். யார், என்ன ரத்தம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது எல்லாம் வந்துவிடும். சிலேட்டு பச்சை காட்டினால்தான் வண்டியிலிருக்கும் மருந்துப் பெட்டி திறக்கும்.

முந்தின நாள் முத்திரை நாள். அன்று மாலை நான்கு மணிக்குத் தளம் தானாக மூடிக்கொள்ளும். அதற்குப் பின் ஆறு மாதம் படிக்கலாம், எழுத முடியாது.

மூடுவதற்கு முன் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தளத்தில் வேண்டுமென்றே ஒரு பொய்யை வைப்போம், குழந்தை கன்னத்தில் மை வைப்பதுபோல. அதற்குத் திருஷ்டிப் பதிவு என்று பெயர். இல்லாத ஓர் ஆளை உண்டாக்கி, 'உயிர்மீட்பு வேண்டாம்' என்று அவர் எழுதிக் கொடுத்ததாகக் குறிப்போம். வயதானவர்கள் பலர் நிஜமாகவே அப்படி எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தப் பதிவுக்குச் சிலேட்டு சிவந்து, பெட்டி பூட்டிக்கொண்டால் தளம் சரி என்று அர்த்தம். பிறகு அந்த ஆளை நீக்கிவிடுவோம். மறந்தாலும் பரவாயில்லை. கடைசியில் தலை எண்ணும்போது ஒன்று கூடுதலாக வரும், பிடித்துவிடலாம்.

ஆனால் இருக்கிற ஆளின் பதிவை மாற்றினால் தலை எண்ணிக்கை மாறாது. அதனால் உயிரோடு இருப்பவர்களைத் தொடவே கூடாது என்பது எங்கள் முதல் விதி.

நான் தொட்டேன்.

முத்திரை நாள் காலையில்தான் தளத்தின் முதல் வரியைப் பார்த்தேன். 'தொகுத்தவர்: விசாகன்.' இனி ஆறு மாதம், எந்த ஆம்புலன்ஸில் எவர் சிலேட்டைத் திறந்தாலும் அவன் பெயர்தான் முதலில் வரும். எனக்குப் பன்னிரண்டு வருட சர்வீஸ். வடக்குப் பகுதியின் ஒன்பது லட்சம் பேரின் பதிவைக் கட்டியது என் கை. என் பெயர் எங்கும் இல்லை. அவன் வீடு என் பகுதியில்தான் இருந்தது. மத்தியானம் மூன்றரைக்கு அவன் பதிவை எடுத்தேன். 'வேண்டாம்' என்று குறித்தேன். சிலேட்டு சிவந்தது.

அந்தச் சிவப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாற்றத்தான் போகிறேன், இன்னும் ஒரு நிமிடம் இருக்கட்டும் என்று.

அதற்குள் மைக்கில் கூப்பிட்டார்கள். தலைமைத் தொகுப்பாளருக்கு மாலை போட அவருடைய மூத்த சகலையையே அழைக்கிறோம் என்று. போனேன். போட்டேன். அவன் குனிந்து என் காலைத் தொட்டான். எனக்கு விழாத கைதட்டல் அதற்கு விழுந்தது. மேடையிலிருந்து இறங்கி நேராகக் கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, கண்ணாடியில் என்னையே முறைத்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது மணி நான்கு ஐந்து.

மறுநாள் கேன்டீனில்தான் அந்தப் பதிவு ஞாபகம் வந்தது. என் பகுதியின் பிரதியைத் திறந்து பார்த்தேன். சிவப்பாக அப்படியே இருந்தது. சிலேட்டுகள் ஏற்கெனவே லாரி ஏறியிருந்தன.

அன்று சாயங்காலம் மிருதுளா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். சும்மா பேச்சுக் கொடுப்பதுபோல ஆரம்பித்தேன்.

"அதுல ஒரு வரி தப்பாப் போயிருச்சுன்னு வெச்சுக்க..."

"திருத்துங்க."

"முடியாது. அதுல எழுத வழியே கிடையாது."

"ஏன் அப்புடிப் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"எழுத வழி இருந்தப்ப என்னாச்சு? எவனோ எங்கியோ உக்காந்துட்டு எல்லாத்தோட ரத்த வகையையும் மாத்தி வெச்சான். ஒரே நாள்ல நானூறு பேரு. உங்க சித்தப்பா எப்படிப் போனாரு?"

அவள் கை ஒரு கணம் நின்றது. "ஆமா."

"அதுக்கப்பறம் வந்த சட்டம். ஆறு மாசத்துக்கு ஒருக்காக் கட்டணும், மூடணும், அனுப்பணும். யாரும் உள்ள கை வெக்க முடியாது. நாங்களும் முடியாது. ஒருத்தர் கட்டுன பகுதியை இன்னொருத்தர் தொறந்து பாக்கக்கூட முடியாது."

"சரி, திரும்ப வாங்கிக்கறது."

"நாப்பத்திரண்டாயிரம் சிலேட்டு. வாங்கி வேற குடுக்க ஒம்பது நாளாகும். அந்த ஒம்பது நாளும் எந்த ஆம்புலன்ஸ்லயும் பெட்டி தொறக்காது. எத்தனை பேரு சாவாங்கன்னு நெனைக்கறே?"

"தப்புப் பண்ணுனவன்?"

"ஏழு வருஷம் உள்ள."

"யாரு பண்ணுனது?"

"யாரும் பண்ணலை. பேச்சுக்குச் சொன்னேன்."

அவள் பூண்டுத் தோலை ஊதித் தள்ளினாள். "மஞ்சரி போன் பண்ணுனா. எல்லா ஆம்புலன்ஸ்லயும் அவ வீட்டுக்காரரு பேரு வருதாமே. உங்க பேரு எப்பங்க வரும்?"

ஒப்புக்கொள்ளாததற்கு அந்த ஒன்பது நாட்களைக் காரணமாக வைத்துக்கொண்டேன். நல்ல காரணம். அதில் என் ஏழு வருடம் ஒளிந்திருந்தது வேறு யாருக்கும் தெரியாது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வேலை. அவனைச் சாகவிடக் கூடாது, டிசம்பர் முப்பத்தொன்றுவரை.

அவன் புது பைக் பார்த்து வைத்திருந்தான். ஜாதகம், சனி என்று நான் நம்பாத எல்லாவற்றையும் சொல்லித் தடுத்தேன். தினமும் காலையில் என் காரில் ஏற்றிக்கொண்டேன். படியில் இறங்கினால் முன்னால் இறங்கினேன். மழைக்காலத்தில் அவன் வீட்டு மின்பெட்டிக்கு ஆள் கூட்டிப்போய்ச் சரிபார்த்தேன். வெறுக்கிற ஒருவனின் நாடியைக் கையில் பிடித்துக்கொண்டே ஆறு மாதம் நடப்பது என்றால் என்ன என்று கேட்டால் என்னிடம் கேளுங்கள்.

மஞ்சரி உருகிப்போனாள். "கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பாத்துக்க மாட்டான், மாமா."

அதைவிட எரிச்சல், அவனும் பதிலுக்கு ஆரம்பித்தான். என் வீட்டுக்கு ரத்த அழுத்தக் கருவி வாங்கி வந்தான். ஞாயிற்றுக்கிழமை ஏணியில் ஏறி ஒட்டடை அடித்தேன், ஓடி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

"எறங்குங்கண்ணா. நான் அடிக்கறேன்."

"எனக்கு ஏணி ஏறத் தெரியாதுங்களா?"

"தெரியுமுங்க. கொஞ்ச நாளைக்கு வேண்டாம்."

"அதென்ன கொஞ்ச நாளைக்கு?"

"வயசாகுதில்லீங்களா" என்றான். மிருதுளா அடுப்படியிலிருந்து சிரித்தாள். அக்கறை காட்டுவதில்கூட இவன் என்னை முந்தப் பார்க்கிறான் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவன் வீட்டு மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்க நானே கொத்தனாரை அனுப்பினேன்.

டிசம்பர் இருபத்தெட்டு. இன்னும் மூன்று நாள் என்று விரலை மடக்கிக்கொண்டிருந்தேன். மாமனார் வீட்டில் மலையடிவாரக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கக் கிளம்பினார்கள். வேனில் பதினொரு பேர். நான் அவன் பக்கத்து இருக்கை. பெல்ட்டை நானே மாட்டிவிட்டேன்.

கோயிலில் இறங்கியதும் மாமனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். "பெரிய மாப்ளை, அடுப்பு எங்க கூட்டலாமுங்க?"

வெயில் ஏறியிருந்தது. விசாகனுக்கு மயக்கம் கியக்கம் வந்தால் என்ன செய்வது என்பதுதான் எனக்கு. "அந்த மரத்தடியில வெச்சுக்கலாங்க மாமா. நெழலா இருக்குது."

மரத்தை நான் அண்ணாந்து பார்க்கவில்லை. முப்பதடி உயரத்தில் மூன்று தேன்கூடுகள் இருந்தன. மலைத்தேனீ.

புகை மேலே போய்ச் சேர இருபது நிமிடம் ஆனது. பிறகு மரம் முழுக்க ஒரு சத்தம் கேட்டது. பெண்களும் மாமனாரும் வேனுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் அவனைத் தேடி அடுப்புப் பக்கம் ஓடினேன். அவன் என்னைத் தேடி எதிரே ஓடிவந்தான். கையில் ஜமக்காளம்.

"படுங்கண்ணா" என்று என்னைக் கீழே தள்ளி, ஜமக்காளத்தை என்மேல் போட்டு, அதன்மேல் விழுந்தான்.

இங்கேயும் இவன்தான் கதாநாயகனா என்று அந்த இருட்டுக்குள் நினைத்தேன். பொய் சொல்லவில்லை, நினைத்தேன்.

சத்தம் அடங்கி நான் வெளியே வந்தபோது அவன் முகம் அவன் முகமாக இல்லை. உதடு இரண்டு மடங்கு. மூச்சு விசில் அடித்தது.

மலைப்பாதைச் சோதனைச்சாவடியில் நின்ற ஆம்புலன்ஸ் ஆறு நிமிடத்தில் வந்தது. ஒரே ஒரு பெண், முகத்தில் வலை போட்டிருந்தாள். சட்டைப்பையில் 'ஹசீனா' என்று தைத்திருந்தது. வேனை அப்படியே சாத்தி வைக்கச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, எங்கள் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"தொண்டை வீங்குது. ஒரு அட்ரினலின் போட்டாச் சரியாயிரும்" என்றபடி சிலேட்டைத் திறந்தாள். 'தொகுத்தவர்: விசாகன்' என்று வந்து மறைந்தது. விசாகனின் விரலை எடுத்து வைத்தாள்.

சிவப்பு.

"என்னங்க இது? இவரு வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்காருங்க. இந்த வயசுல?"

"இல்லைங்க. அது பொய். நாந்தான் போட்டேன்."

"என்ன போட்டீங்க?"

"இந்தத் தளத்தைக் கட்டறவன் நான். சோதனைக்காக இவரு பேருல வெச்சேன். எடுக்க மறந்துட்டேன். நீங்க ஊசியைப் போடுங்க."

"பெட்டிக்கு அதெல்லாம் தெரியாதுங்களே."

விசில் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. ஆறு மாதமாக நான் காத்துவந்த மூச்சு அது.

"என் வெரலை வைங்க" என்றேன். "ஊசி எல்லாருக்கும் ஒரே அளவுதானே? என் பேருல தொறந்து இவருக்குப் போடுங்க."

அவள் ஒரு வினாடி என்னைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து விரலை வைத்தாள்.

சிவப்பு.

'சென்னியப்பன். வயது 46. உயிர்மீட்பு வேண்டாம்.'

"நீங்களுமா எழுதிக் குடுத்தீங்க?"

"நான் எங்கியும் எழுதலைங்க."

சொல்லிக்கொண்டே விசாகனைப் பார்த்தேன். கண் இரண்டும் கீறல்களாகச் சுருங்கியிருந்தன. அந்தக் கீறல்கள் என்னைப் பார்த்தன. பிறகு அவன் மெதுவாக முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

என் வீடு மேற்குப் பகுதி. மேற்கைக் கட்டுவது அவன்.

ஹசீனா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன புரிந்ததோ. கையுறையைக் கழற்றி வீசிவிட்டுத் தன் விரலையே வைத்தாள். பச்சை. பெட்டி திறந்துகொண்டது. அவன் தொடையில் ஊசியைக் குத்தி, பத்து எண்ணினாள்.

"ரெண்டு பேரும் எழுதிக் குடுக்கலைன்னு சாட்சி சொல்ல வருவீங்கதானே?" என்றாள், நிமிராமலே.

"வருவோம்" என்றேன்.

மறுநாள் பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் அவனுக்கு வீக்கம் பாதி வடிந்திருந்தது. மஞ்சரி இளநீர் வாங்கப் போயிருந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எப்பங்க போட்டீங்க?" என்றேன்.

"முத்திரை அன்னைக்கு மத்தியானம். எடுக்கறதுக்குள்ள மேடைக்குக் கூப்புட்டாங்க." தொண்டை இன்னும் கரகரத்தது. "நீங்க?"

"அன்னைக்குத்தான். மாலை போடக் கூப்புட்டாங்க."

அவன் சிரிக்கப் பார்த்தான். உதடு ஒத்துழைக்கவில்லை.

"என்மேல உங்களுக்கு என்ன?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "சாரும் நீங்கதான். பேரும் உங்களுதுதான். எங்கிட்ட என்ன இருக்குதுன்னு?"

அவன் போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டான்.

"மாமனாருக்கு இப்ப இருக்கற வீட்டைக் கட்டிக் குடுத்தது நானுங்க. கல்லு கல்லா நின்னு கட்டுனேன். குடிபோற அன்னைக்குச் சாவியைக் கையில குடுத்தா என்ன சொன்னாரு தெரியுங்களா? 'பூஜை ரூம் எந்தப் பக்கம் வெக்கறதுன்னு பெரிய மாப்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்'னாரு. நீங்க போன்ல ஏதோ சொன்னீங்க. செவுத்தை இடிச்சு மாத்துனாங்க."

எனக்கு அந்த போன் ஞாபகம்கூட இல்லை.

"நேத்தும் பாத்தீங்களா, அடுப்பை உங்களைத்தான் கேட்டாரு. நான் பக்கத்துலயேதான் நின்னேன். எட்டு வருஷமா நிக்கறேன்."

வெளியே வராந்தாவில் தள்ளுவண்டி ஒன்று கடந்து போனது.

"ஹசீனாவை வேலையை விட்டு நிறுத்தீட்டாங்க" என்றேன். "நோயாளி வேண்டாம்னு எழுதிக் குடுத்ததை மீறி ஊசி போட்டாங்கன்னு வழக்கு. பதிவு தப்புன்னு சொல்லிப் பாத்திருக்கா. சிலேட்டு தப்பா இருக்காதுன்னுட்டாங்களாம்."

"நாளன்னைக்குத் தளம் மாறுதுங்கண்ணா. புதுசுல உங்க பதிவு சுத்தமா இருக்குது, நான் பாத்துட்டேன். என்னுதை நீங்க பாத்திருப்பீங்க. பழைய சிலேட்டையெல்லாம் நொறுக்கீருவாங்க. வாயை மூடிட்டிருந்தா..."

"அந்தப் புள்ளை?"

அவன் கையிலிருந்த பிளாஸ்திரியைச் சுரண்டினான்.

"யோசிக்கலாம்" என்று எழுந்தேன். "நாளைக்கு வர்றேன். தூங்குங்க."

கார் கிணத்துக்கடவு தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் தூங்க மாட்டான். அவன் மேடையில் என் காலைத் தொட்டவன். அவன் முந்திக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடுவான். வீங்கிய முகத்தோடு சொல்லுவான். ஊரே நெஞ்சில் கை வைத்துக்கொள்ளும். இதிலும் முதல் வரி அவனுக்குத்தான்.

ஹசீனாவின் முகம் எனக்கு அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. அது என் லட்சணம். காரை வீட்டுப் பக்கம் திருப்பாமல் தரவுக் காப்பு ஆணையத்தின் அலுவலகத்துக்கு விட்டேன்.

விசாரணை அதிகாரி சாப்பாட்டுக் கேரியரைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தார். என் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"சென்னியப்பனுங்களா? உக்காருங்க. உங்களுக்கே போன் பண்ணலாம்னு இருந்தேன். பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில இருந்து உங்க சகலை வாக்குமூலம் குடுத்திருக்காரு. இருபது நிமிஷம் ஆச்சு."

நான் உட்கார்ந்தேன்.

"என்னன்னு?"

"ரெண்டு பதிவும் அவரே போட்டதாம். சோதனைக்காக, தன்னோடது ஒண்ணு, உங்களது ஒண்ணு. தலைமைத் தொகுப்பாளரா உங்க பகுதிக்குள்ளயும் அவரு கை வெச்சாராம். உங்களுக்கு எதுவுமே தெரியாதாம். ஆம்புலன்ஸ் அம்மாகிட்ட நீங்க 'நாந்தான்'னு சொன்னதுகூட அவரு உசிரைக் காப்பாத்தறதுக்காகத்தானாம்." அவர் துண்டில் கையைத் துடைத்தார். "அந்த ஆம்புலன்ஸ் அம்மா மேல இருக்கற வழக்கை இன்னைக்கே எடுத்தர்றோம். உங்களுக்கும் ஒரு பிரச்சனையும் இல்லைங்க. நீங்க பாதிக்கப்பட்டவரு. எந்திரிச்சு வீட்டுக்குப் போலாம்."

ஹசீனா தப்பித்துவிட்டாள். நானும் தப்பித்துவிட்டேன். கதவு திறந்துதான் இருந்தது. வெளியே என் கார் நின்றது தெரிந்தது.

அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு சகலை கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்."

ஏழு வருடம் அவன் உள்ளே இருப்பான். ஏழு வருடமும் மஞ்சரி என் வாசலில் வந்து நிற்பாள். மிருதுளா அவன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் குரலைத் தாழ்த்துவாள். மாமனார் ஒவ்வொரு விசேஷத்திலும் அவன் இல்லாத நாற்காலியைப் பார்ப்பார். நான் சாகிறவரை அவன் தந்த விடுதலையில் உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும்.

"ஒரு பேப்பர் குடுங்க" என்றேன்.

"எதுக்குங்க?"

"அவரு சொன்னதுல பாதி பொய். வடக்குப் பகுதிக்குள்ள அவரால நொழையவே முடியாது. அது நான் கட்டுனது. அதுல இருக்கற தப்பு என்னுது."

அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்தார். குரலைத் தணித்தார். "ஏழு வருஷங்க. நல்லா யோசிச்சுக்குங்க. அதான் அவரே எல்லாத்தையும் ஏத்துக்கிட்டாரே."

"அதாங்க பிரச்சனை" என்று பேனாவை வாங்கிக்கொண்டேன்.